கடைசி மூட்டை யூரியா எங்கே போகிறது?

1982இல் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கோதுமையும் சர்க்கரை பீட்ரூட்டும் மாறி மாறி விளையும் மண்ணில் ஒரே ஒரு முறை அடையாளமிட்ட நைட்ரேட் உரத்தைப் போட்டார்கள். சாதாரண நைட்ரஜனைவிடச் சற்றே கனமான நைட்ரஜன்-15 ஐசோடோப்புதான் அந்த அடையாளம். எந்தச் செடிக்குள், எந்த நீர்த்துளிக்குள் போனாலும் அதைப் பிரித்துக் கண்டுபிடித்துவிடலாம். 30 ஆண்டுகள் அதைப் பின்தொடர்ந்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். பயிர்கள் எடுத்துக்கொண்டது 61 முதல் 65 சதவீதம். 12 முதல் 15 சதவீதம், மூன்று பதிற்றாண்டுகளுக்குப் பிறகும் மண்ணின் கரிமப் பொருளுக்குள் இருந்தது. 8 முதல் 12 சதவீதம் நிலத்தடி நீரை நோக்கிக் கசிந்துவிட்டது. அந்த ஒரு தவணை உரத்தின் கசிவு இன்னும் 50 ஆண்டுகளாவது தொடரும் என்றும் கணித்தார்கள்.

ஒரு பருவத்துக்குப் போட்ட உரம் ஒரு மனிதனின் ஆயுள் அளவுக்கு நீரில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. நைட்ரஜனைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் 'ரசாயன உரமா, இயற்கை உரமா' என்ற கேள்வியிலேயே சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று நினைக்கிறேன். வயலுக்குள் எவ்வளவு வந்தது, விளைச்சலோடு எவ்வளவு வெளியேறியது, மிச்சம் எங்கே போனது? மூட்டையில் வந்தாலும் சாணத்தில் வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டிக்கொண்டிருப்பதால் செடியோ விலங்கோ அதைத் தொட முடியாது. இயற்கையில் அந்தப் பிணைப்பை உடைப்பவை மின்னலும் சிலவகை நுண்ணுயிர்களும் மட்டுமே. பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் அவற்றில் ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் வயல்கள் இதற்கும் மேல் தழைச்சத்து, அதாவது பயிருக்கான நைட்ரஜன், கேட்டபோது, பெரு நாட்டின் சின்ச்சா தீவுகளில் குவிந்து கிடந்த பறவை எச்சத்தைக் கப்பல் கப்பலாக அள்ளினார்கள். அது தீர்ந்ததும் அட்டகாமா பாலைவனத்து வெடியுப்பு. அதன் பொருட்டு சிலியும் பெருவும் பொலிவியாவும் 1879இல் போரே தொடுத்தன. 1898இல் பிரிட்டிஷ் வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் வழியைக் கண்டுபிடிக்காவிட்டால் கோதுமை உண்ணும் நாடுகள் பட்டினி கிடக்க நேரும் என்று எச்சரித்தார்.

1909இல் ஃப்ரிட்ஸ் ஹேபர் அந்த வழியை ஆய்வகத்தில் காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தார். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் அம்மோனியா ஆலை ஓடத் தொடங்கியது. இன்று உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப்பேரின் உணவு இந்த முறையில் கிடைத்த நைட்ரஜனை நம்பியிருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 11 கோடி டன் நைட்ரஜன் உரமாக மண்ணில் இறங்குகிறது. அதனால் 'உரத்தையே நிறுத்திவிடலாம்' என்று சொல்பவர்கள், அந்தப் பாதிப்பேருக்கு என்ன பதில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வயலுக்குள் நடப்பது

பயிர் நைட்ரஜனை எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இரண்டு வடிவங்களில்: அம்மோனியம், நைட்ரேட். யூரியாவைத் தூவினால் மண்ணில் உள்ள யூரியேஸ் என்ற நொதி சில நாட்களிலேயே அதை அம்மோனியமாக மாற்றுகிறது. அது மண்ணின் மேற்பரப்பிலேயே நடந்தால், அதுவும் வெயிலும் காரத்தன்மையும் சேர்ந்தால், அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். மண்ணுக்குள் போய்விட்டால் அம்மோனியத்துக்கு நேர் மின்னேற்றம் இருப்பதால், எதிர் மின்னேற்றமுள்ள களிமண் துகள்கள் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆனால் நுண்ணுயிர்கள் சும்மா விடாது. அதை நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட்டுக்கு எதிர் மின்னேற்றம். களிமண் அதைப் பிடிக்காது. மழை பெய்தால் தண்ணீரோடு கீழே போய்விடும். வடியாமல் தண்ணீர் தேங்கினாலோ, ஆக்சிஜன் இல்லாத மண்ணில் வேறு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைத்து மீண்டும் காற்று நைட்ரஜனாக்கிவிடுகின்றன. வழியில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாக நழுவுகிறது.

இந்த ஒவ்வொரு நழுவலுக்கும் ஒரு முகவரி உண்டு. பறந்த அம்மோனியா காற்றில் அமிலங்களோடு சேர்ந்து நுரையீரலுக்குள் இறங்கும் நுண்துகளாகிறது. மிச்சம் காடுகளிலும் சதுப்புநிலங்களிலும் படிந்து, வளமற்ற மண்ணுக்கே பழகிய செடிகளை ஒழித்துவிடுகிறது. இறங்கிய நைட்ரேட் குடிநீருக்குப் போகிறது. லிட்டருக்கு 50 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. அதற்கு மேல் போனால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. ஆற்று வழியே கடலுக்குப் போனால் பாசி பெருகி, அது அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். மிசிசிப்பி ஆறு கலக்கும் மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் மீன் வாழ முடியாத பகுதி உருவாகிறது. 2017இல் அதன் பரப்பு ஏறத்தாழ 22,700 சதுர கிலோமீட்டர்.

நைட்ரஸ் ஆக்சைடின் அளவு கொஞ்சம்தான். ஆனால் 100 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல 273 மடங்கு புவியைச் சூடாக்குகிறது. நூறு ஆண்டுக்கும் மேல் காற்றில் தங்குகிறது. ஓசோன் படலத்தையும் அரிக்கிறது. இந்த நூற்றாண்டில் மனிதர்கள் வெளியிடும் ஓசோன் அரிப்பான்களில் இதுவே முதலிடம் என்று 2009இல் வளிமண்டல வேதியியலாளர் ரவிசங்கராவும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் கேலோவே சொல்வதுபோல, ஒரே நைட்ரஜன் அணு முதலில் காற்றைக் கெடுத்து, அப்புறம் காட்டைக் கெடுத்து, அப்புறம் ஆற்றையும் கடலையும் கெடுத்து, கடைசியில் வளிமண்டலத்துக்குப் போகலாம். ஒரே அணு பல கணக்குகளில் பற்று வைக்கிறது.

உலக அளவில் பயிர் நிலத்துக்குள் வரும் நைட்ரஜனில், ரசாயன உரம், சாணம், பயறுச் செடிகள் பிடிப்பது, மழையோடு வருவது எல்லாவற்றையும் கூட்டினால், விளைபொருளாக வெளியேறுவது பாதிக்கும் சற்றுக் குறைவு. 1960களின் தொடக்கத்தில் இது மூன்றில் இரண்டு பங்காக இருந்தது. அந்தக் காலம் பொற்காலம் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. உரம் போடாமல் பயிர் எடுத்தால் இந்த விகிதம் அழகாகத்தான் தெரியும். மண் தன் சேமிப்பிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கும். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் இன்றும் அதுதான் நடக்கிறது. ஹெக்டேருக்கு 50 கிலோ ஊட்டச்சத்தாவது போட வேண்டும் என்று 2006இல் அபுஜாவில் ஆப்பிரிக்க நாடுகள் உறுதி எடுத்தன. இலக்கு ஆண்டான 2015 கடந்த பின்பும் பெரும்பாலான நாடுகள் அதை எட்டவில்லை. அங்கே நீடித்த வேளாண்மை என்றால் தழைச்சத்தைக் கூட்டுவதுதான்.

ஐரோப்பிய நைட்ரஜன் வல்லுநர் குழு 2015இல் முன்வைத்த அளவுகோல் எனக்குப் பிடித்தது, இரண்டு பக்கமும் வேலி போடுகிறது என்பதால். உள்ளே வருவதில் விளைச்சலாக வெளியேறுவது 50 சதவீதத்துக்குக் குறைந்தால் வீணடிப்பு. 90 சதவீதத்தைத் தாண்டினால் மண்ணைச் சுரண்டுகிறோம். இடைப்பட்ட நிலையிலும் ஹெக்டேருக்கு மிச்சம் ஆண்டுக்கு 80 கிலோவைத் தாண்டக் கூடாது. ஹெக்டேருக்கு 5 டன் கோதுமை அறுத்தால், தானியத்தில் நைட்ரஜன் 2 சதவீதம் என்று வைத்தால், வெளியேறுவது 100 கிலோ. உள்ளே போனது 160 என்றால் மிச்சம் 60, பரவாயில்லை. 250 என்றால் மிச்சம் 150. இந்தக் கணக்குக்கு ஆய்வகமே வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஆனாலும் உலகின் பெரும்பாலான பண்ணைகளில் யாரும் போடுவதில்லை.

கடைசி மூட்டை

உரத்துக்கு விளைச்சல் எப்படிப் பதில் சொல்கிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பசியோடிருக்கும் மண்ணில் முதல் 50 கிலோ தழைச்சத்து மகசூலை வேகமாக ஏற்றும். அடுத்த 50 கிலோவுக்கு ஏற்றம் குறைவு. உச்சத்தை நெருங்கும்போது வளைகோடு ஏறக்குறையத் தட்டையாகிவிடும். அங்கே 30 கிலோ கூட்டினாலும் குறைத்தாலும் அறுவடையில் வித்தியாசமே தெரியாது. கசிவு இதற்கு நேர்மாறு. பயிர் எடுத்துக்கொள்ளும் அளவுக்குள் இருக்கும்வரை கசிவு குறைவாகவே இருக்கும். தேவையைத் தாண்டியதும் நைட்ரேட்டும் நைட்ரஸ் ஆக்சைடும் உர அளவைவிட வேகமாக ஏறுகின்றன. ஆக, கடைசி மூட்டைதான் மிகக் குறைந்த நெல்லையும் கோதுமையையும் தந்து, மிக அதிகக் கேட்டையும் செய்கிறது. தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

அப்படியானால் விவசாயி ஏன் அந்த மூட்டையைப் போடுகிறார்? அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவர் நிலையில் நின்று பாருங்கள். இந்தப் பருவம் மழை எப்படி இருக்கும், மண் தானாக எவ்வளவு தழைச்சத்து விடுவிக்கும் என்பது விதைக்கும்போது தெரியாது. கொஞ்சம் கூடப் போட்டால் நஷ்டம் ஒரு மூட்டையின் விலை. கொஞ்சம் குறைந்துபோனால் நஷ்டம் மகசூலில் விழும். மானியத்தில் யூரியா மலிவாகக் கிடைக்கும் நாடுகளில் தராசு இன்னும் சாய்கிறது. பக்கத்து வயல் கரும்பச்சையாக இருக்கும்போது தன் வயல் வெளிறித் தெரிவதை யாரும் விரும்புவதில்லை. அளவுக்கு மீறினால் பயிர் சாய்வதும் பூச்சி கூடுவதும் அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கூடுதல் உரம் அவருக்கு ஒரு காப்பீடு. காப்பீட்டைப் பறித்துவிட்டு அறிவுரை மட்டும் கொடுத்தால் யார் கேட்பார்கள்?

மண்ணின் பங்கை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். நைட்ரஜன் வெறும் 0.1 சதவீதம் உள்ள மண்ணில்கூட, மேல் 20 சென்டிமீட்டரில் ஹெக்டேருக்குச் சுமார் 2,600 கிலோ கரிம வடிவில் கிடக்கிறது. அதில் ஆண்டுக்கு 1 முதல் 3 சதவீதம் நுண்ணுயிர்களால் விடுபட்டால், 26 முதல் 78 கிலோ. இந்த இடைவெளியே, பயிர் வளரும்போது போடும் ஒரு முழு மேலுரத் தவணைக்குச் சமம். நைட்ரஜன்-15 கொண்டு அளந்த பல ஆய்வுகளில், நன்றாக உரமிட்ட பயிரிலும் கணிசமான தழைச்சத்து அந்த ஆண்டு உரத்திலிருந்து வராமல் மண்ணிலிருந்தே வந்திருக்கிறது. சிபாரிசு அட்டையில் ஒரு மாவட்டத்துக்கே ஒரே எண் போடுவது இதனால்தான் பொருந்தாமல் போகிறது.

தவணையைப் பிரித்துப் போடுவது, அதாவது அடியுரத்தைக் குறைத்து பயிர் உண்மையில் கேட்கும் தருணத்தில் மேலுரம் கொடுப்பது, இதற்கான பழைய வழி. இன்றும் இதைவிடச் சிறந்தது இல்லை. எப்போது கேட்கிறது என்று அறிய இலை வண்ண அட்டை போதும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆசியாவில் பரப்பிய அந்தப் பிளாஸ்டிக் பட்டை, பேட்டரியும் செயலியும் இல்லாமல் வேலை செய்கிறது. மக்காச்சோளத்துக்கு அமெரிக்காவில் இன்னொரு முறை: செடி ஓர் அடி உயரம் வந்ததும் மேல் 30 சென்டிமீட்டர் மண்ணில் நைட்ரேட்டை அளப்பார்கள். பத்து லட்சத்துக்குச் சுமார் 25 பங்குக்கு மேல் நைட்ரேட்-நைட்ரஜன் இருந்தால் மேலுரமே வேண்டியதில்லை. அறுவடை முடிந்த வெற்று நிலத்தில் எஞ்சிய நைட்ரேட்டைப் பிடிக்க இடைப்பட்ட காலத்துக்கு ஒரு மூடுபயிர். யூரியாவைத் தூவாமல் புதைப்பது. பங்களாதேஷில் நெல் வயலில் யூரியா உருண்டைகளை நான்கு நாற்றுக்கு நடுவே 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் வைக்கிறார்கள். உரம் குறைகிறது, மகசூல் குறைவதில்லை. ஆனால் கையால் வைப்பதென்றால் இடுப்பு ஒடியும். கூலியாள் கிடைக்காத ஊரில் நல்ல தொழில்நுட்பமும் நடக்காது.

யூரியேஸ் நொதியைத் தடுக்கும் பூச்சுகள், நைட்ரேட்டாவதைத் தாமதிக்கும் மருந்துகள் என்று சந்தையில் பல உண்டு. சில வேலை செய்கின்றன. ஆனால் நியூசிலாந்தின் கதையை மறக்கக் கூடாது. மேய்ச்சல் நிலத்தில் மாட்டுச் சிறுநீரால் நைட்ரேட் கசிவதைக் குறைக்க டைசயனடயமைடு என்ற மருந்தைத் தெளித்தார்கள். பாலில் அதன் சுவடு தென்பட்டதும் 2013இல் விற்பனையே நின்றுவிட்டது.

ஓட்டைகள் நிறைந்த குழாயில் ஒன்றை மட்டும் அடைத்தால் அடுத்ததில் பீறிடும். நைட்ரஜன் அப்படித்தான் நடந்துகொள்கிறது. சாணக் கரைசலைத் தெளிக்காமல் மண்ணுக்குள் செலுத்தினால் அம்மோனியா குறைகிறது. சில மண்ணில் நைட்ரஸ் ஆக்சைடு கூடுகிறது. நெல் வயலை அவ்வப்போது காயவிட்டால் மீத்தேன் குறைகிறது. அதே காய்ச்சலும் பாய்ச்சலும் நைட்ரஸ் ஆக்சைடுக்கு வழி திறக்கலாம். இதற்காக அந்த முறைகளைக் கைவிட வேண்டியதில்லை. மீத்தேன் குறைவதால் கிடைக்கும் லாபம் பொதுவாகப் பெரியது. ஆனால் ஓட்டையை அடைத்ததும், அப்படி மிச்சமான அளவுக்கு உள்ளே வரும் உரத்தையும் குறைத்தால்தான் லாபம் நிற்கும். இந்த இரண்டாம் பாதியைத்தான் திட்டங்கள் அடிக்கடி விட்டுவிடுகின்றன.

இயற்கை உரம் பற்றி ஒரு வார்த்தை. தொழுவுரமும் பசுந்தாளுரமும் மண்ணின் கரிமத்தை ஏற்றுகின்றன. நீரைப் பிடிக்கும் தன்மை கூடுகிறது. அது பெரிய நன்மை. ஆனால் அவற்றிலிருந்து தழைச்சத்து விடுபடும் நேரத்தைப் பயிர் தீர்மானிப்பதில்லை, வெப்பமும் ஈரமும்தான் தீர்மானிக்கின்றன. வயலில் பயிரே இல்லாத மழைக்காலத்திலும் விடுபடும். அந்த நைட்ரேட்டும் கிணற்றுக்குத்தான் போகும். தவிர, சாணம் நைட்ரஜனை உண்டாக்குவதில்லை. எங்கோ விளைந்த தீவனத்தில் இருந்ததை இடம் மாற்றித் தருகிறது. காற்றிலிருந்து புதிதாகப் பிடிப்பவை பயறு வகைகள்தான். அவற்றைப் பயிர்ச் சுழற்சிக்குள் மீண்டும் கொண்டுவருவது, உரப் புரட்சிக்குப் பின் நாம் கைவிட்டவற்றில் முதலில் மீட்க வேண்டியது. சும்மா கிடைப்பதும் இல்லை: ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிடிக்கக் குறைந்தது 16 ஆற்றல் மூலக்கூறுகளைப் பாக்டீரியா செலவழிக்கிறது. அந்தச் செலவைக் கட்டுவது செடி. மண்ணில் ஏற்கெனவே நைட்ரேட் நிறைய இருந்தால் செடி அந்தச் செலவைத் தவிர்த்து முடிச்சுகளைக் குறைத்துக்கொள்ளும். பயறுக்கு யூரியா போடுவது வேலைக்காரனுக்குச் சம்பளம் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதற்குச் சமம்.

பசுமை அம்மோனியா என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். இயற்கை எரிவாயுவுக்குப் பதில் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பது. புதிய யோசனையும் இல்லை. நார்வேயின் ருகான் பகுதியில் 1920களின் இறுதியிலேயே நீர்மின்சாரத்தால் செய்தார்கள். ஆலைப் புகை குறையும், எரிவாயு விலைக்கு ஏற்ப உர விலை ஆடுவதும் குறையலாம். வயலில் விழுந்த பிறகு அந்த அம்மோனியாவும் இந்த அம்மோனியாவும் ஒன்றுதான்.

நான்கு நாடுகள், நான்கு பாடங்கள்

டென்மார்க் 1980களின் நடுவில் ஏரிகளும் விரிகுடாக்களும் பாசியால் மூச்சுத்திணறியபோது நைட்ரஜன் கணக்கைச் சட்டமாக்கியது. ஒவ்வொரு பண்ணையும் ஆண்டுதோறும் உரக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். குளிர்காலத்தில் தெளிக்காமல் சேர்த்துவைக்கச் சாணத் தொட்டிகள் கட்ட வேண்டும். முக்கியமாக, சாணத்தில் உள்ள நைட்ரஜனை உரமாகவே எண்ண வேண்டும். பன்றிக் கழிவில் 75 சதவீதத்தைக் கணக்கில் கழித்த பிறகுதான் மூட்டை உரம் வாங்கலாம். சுமார் 20 ஆண்டுகளில் ரசாயன நைட்ரஜன் பயன்பாடு ஏறக்குறைய பாதியானது, வேரைத் தாண்டிய கசிவும் ஏறக்குறைய பாதியானது. கால்நடை உற்பத்தி சரியவில்லை. ஆனால் பொருளாதார உகந்த அளவுக்கும் கீழே உர வரம்பை இறக்கியபோது தானியத்தில் புரதம் குறைந்தது, விவசாயிகள் கொதித்தார்கள், 2015-16இல் அரசு அந்தப் பகுதியை மட்டும் தளர்த்தியது. எங்கே இறுக்கலாம், எங்கே இறுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை இல்லை.

நெதர்லாந்து வேறு வழியில் போனது. வருங்காலத்தில் அம்மோனியா குறையும் என்ற எதிர்பார்ப்பை வைத்து இன்றைக்கே புதிய அனுமதிகளைக் கொடுத்தார்கள். 2019 மே மாதம் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அது செல்லாது என்றது. மாட்டுப் பண்ணை முதல் நெடுஞ்சாலை வரை ஆயிரக்கணக்கான திட்டங்கள் நின்றன. டிராக்டர்கள் சாலையை மறித்தன. 2023 மாகாணத் தேர்தலில் விவசாயிகளின் கோபத்தில் பிறந்த கட்சி முதலிடம் பிடித்தது. வரவேண்டிய வரவை வைத்துச் செலவு செய்ததன் விலை அது.

இலங்கை 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. மாற்று உரம் போதுமான அளவு இல்லை, பழக அவகாசமும் இல்லை. சில மாதங்களில், நவம்பரில், தடை விலக்கப்பட்டது. அதற்குள் நெல்லும் தேயிலையும் பலத்த அடி வாங்கியிருந்தன. இதை இயற்கை வேளாண்மையின் தோல்வி என்று சிலர் கொண்டாடுகிறார்கள். அவசரத்தின் தோல்வி என்றே நான் படிக்கிறேன். மண்ணில் கரிமத்தை ஏற்றப் பல ஆண்டுகள் பிடிக்கும். அரசிதழுக்கு ஒரு நாள் போதும்.

சீனாவில் 2005 முதல் 2015 வரை நடந்தது எனக்கு மிக நம்பிக்கை தருகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆராய்ச்சியாளர்களும் சுமார் 65,000 விரிவாக்கப் பணியாளர்களும் 2 கோடிக்கும் மேற்பட்ட சிறு விவசாயிகளோடு வேலை செய்தார்கள். நெல், கோதுமை, மக்காச்சோளத்தில் மகசூல் ஏறத்தாழ 11 சதவீதம் ஏறியது. நைட்ரஜன் உரம் 15 முதல் 18 சதவீதம் குறைந்தது. அதிசய மருந்து எதுவும் இல்லை. ரகம், விதைப்பு நாள், நடவு அடர்த்தி, உரத் தவணை ஆகியவற்றை வட்டாரத்துக்கு ஏற்ப மாற்றி, பக்கத்தில் இருந்து காட்டினார்கள். ஹபெய் மாகாணத்தின் ச்சுசோ மாவட்டத்தில் ஆராய்ச்சி மாணவர்கள் கிராமத்திலேயே வீடெடுத்துத் தங்கினார்கள். விவசாயியின் காப்பீட்டைப் பற்றிச் சொன்னேனே, அதற்கு மாற்றாக இங்கே கிடைத்தது ஆண்டுதோறும் வயலுக்கு வந்து நிற்கும் ஒரு ஆள். செலவு பிடிக்கும்தான். ஆனால் உர மானியத்துக்குக் கொட்டும் பணத்தோடு ஒப்பிட்டு யோசிக்க வேண்டும்.

வேலி தாண்டிய கசிவு

வயலை எவ்வளவு சரிசெய்தாலும் பாதிக் கதைதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் அறுவடையாகும் நைட்ரஜனில் 80 சதவீதத்துக்கும் மேல் மனிதர் வாய்க்குப் போவதில்லை, கால்நடைத் தீவனமாகப் போகிறது என்று 2011இல் வெளியான ஐரோப்பிய நைட்ரஜன் மதிப்பீடு கணக்கிட்டது. கோழியும் முட்டையும் பாலும் தீவன நைட்ரஜனில் நான்கில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில் உணவாகத் திருப்பித் தருகின்றன. மாட்டிறைச்சி பத்தில் ஒரு பங்கைத் தந்தாலே அதிகம். மிச்சம் சாணமும் மூத்திரமும். அது விளைந்த நிலத்துக்கே திரும்பினால் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் பிரேசிலில் விளையும் சோயா வேறொரு கண்டத்துப் பன்றிக்குப் போகிறது. தீவனம் போன ஊரில் சாணம் மலையாகிறது, தீவனம் விளைந்த ஊர் மூட்டை உரம் வாங்குகிறது. சாணத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், அதைச் சில பத்து கிலோமீட்டர் தாண்டி எடுத்துச் செல்வதே கட்டுப்படியாகாது. கால்நடையும் பயிரும் ஒரே வட்டாரத்தில் இருப்பது பழமைக்காக அல்ல, இந்தப் போக்குவரத்துக் கணக்குக்காகவே தேவைப்படுகிறது. வசதியுள்ள நாடுகளில் இறைச்சி குறைந்தால் வயலில் செய்யும் எந்தத் திருத்தத்தையும்விட அதிகம் மிச்சமாகும். சொல்வது எளிது, தட்டில் கைவைக்கும் துணிவு அரசுகளுக்குப் பொதுவாக இல்லை.

வீணாகும் உணவும் இதே கணக்கில்தான் வரும். குப்பைக்குப் போகும் ஒவ்வொரு கவளத்துக்குப் பின்னாலும் வயலில் ஏற்கெனவே கசிந்துவிட்ட நைட்ரஜன் இருக்கிறது.

2022 டிசம்பரில் மான்ட்ரியலில் நாடுகள் ஒப்புக்கொண்ட பல்லுயிர் உடன்படிக்கை, சூழலுக்குள் கசியும் உபரி ஊட்டச்சத்துகளை 2030க்குள் பாதியாகவாவது குறைக்க வேண்டும் என்கிறது. 2019 கொழும்புப் பிரகடனமும் நைட்ரஜன் வீணாவதைப் பாதியாக்கச் சொன்னது. குறைக்கச் சொல்வது உரத்தை அல்ல, கசிவை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே சமயம், இலக்கை எட்டினாலும் பலன் உடனே கண்ணில் படாது. மிசிசிப்பிப் படுகையில் நாளையே கசிவு நின்றாலும், மண்ணிலும் நிலத்தடி நீரிலும் பழைய நைட்ரஜன் தேங்கியிருப்பதால், வளைகுடாவில் மீன் வாழ முடியாத பகுதி இலக்கு அளவுக்குச் சுருங்கப் பல பதிற்றாண்டுகள் ஆகும் என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. ஐந்தாண்டுத் தேர்தல் சுழற்சியில் இதை விற்பது கடினம். அதனால் ஆற்று நீரை மட்டும் அளந்துகொண்டிருக்காமல், ஆண்டுதோறும் பண்ணை மிச்சத்தை அளந்து வெளியிட வேண்டும். அதில் மாற்றம் முதல் ஆண்டிலேயே தெரியும்.

கடைசியாக, நாம் உண்டதும் எங்கோ போகிறது. வளர்ந்த ஒருவர் உடலிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 4 கிலோ நைட்ரஜன் சிறுநீரில் வெளியேறுகிறது. நவீன கழிவுநீர் நிலையங்கள் மின்சாரம் செலவழித்து அதை மீண்டும் காற்று நைட்ரஜனாக்கி விட்டுவிடுகின்றன. அதே காற்றிலிருந்து அம்மோனியா ஆலைகள் எரிவாயு செலவழித்து அதையே பிடிக்கின்றன. இந்த வட்டத்தை மூடுவது கேட்க நன்றாக இருக்கும், சிக்கல் எடையில் இருக்கிறது. 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைட்ரஜன். அதே அளவு கிடைக்க ஏறக்குறைய 3,000 லிட்டர் சிறுநீர் வேண்டும்: ஆறு பேரின் ஓராண்டு. சுவிட்சர்லாந்தின் நீர் ஆராய்ச்சி நிலையமான ஈவாக்கில் உருவான முறை, சிறுநீரைத் தனியே பிரித்து, நுண்ணுயிர்களால் நிலைப்படுத்தி, மருந்து எச்சங்களைக் கரித்தூளால் நீக்கி, தண்ணீரை ஆவியாக்கிச் செறிந்த திரவ உரமாக்குகிறது. ஆவ்ரின் என்ற பெயரில் வரும் அதை உணவுப் பயிர்களுக்கும் பயன்படுத்த 2018இல் அந்நாட்டு அரசு அனுமதித்தது. இதற்குச் சிறுநீரைத் தனியே பிரிக்கும் கழிப்பறையும் தனிக் குழாயும் வேண்டும். கட்டி முடித்த நகரத்தில் அவற்றைப் புதிதாகப் புகுத்துவது மிகக் கடினம். புதிதாகக் கட்டும் குடியிருப்புகளுக்கு அந்தத் தடை இல்லை. வரைபடம் போடும் கட்டத்திலேயே கேட்டால் ஆகும் கூடுதல் செலவு, பின்னால் சுவரை உடைத்துச் செய்வதைவிட மிகக் குறைவு.